இருநூற்றுப் பன்னிரண்டும் மூன்றும்

போன மாதம் எங்கள் கல்லூரியில் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். பதினான்கு பக்கப் படிவம். பட்டங்கள், பணிக்காலம், எடுத்த பாடங்கள் எல்லாம் தாண்டி ஒன்பதாம் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: மொத்த சைட்டேஷன் (நம் கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பது), ஹெச்-இண்டெக்ஸ், ஐ10-இண்டெக்ஸ் (பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் எத்தனை என்பது). சான்றுக்கு, இதையெல்லாம் எண்ணிக் காட்டும் கூகுள் ஸ்காலர் தளத்தில் உள்ள நம் பக்கத்தை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டும். துறை அலுவலகத்து பிரிண்டரிலிருந்து என் பத்து வருட உழைப்பு ஒரே தாளாகச் சூட்டோடு வெளியே வந்தது. தன் தாளுக்காகக் காத்திருந்த நண்பர் எட்டிப் பார்த்து, "பரவால்லையே சார், 341. ஹெச் ஏழு! எனக்கு நாலுலயே நிக்குது" என்றார். சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்குக்கூட நாம் கொஞ்சம் சுற்றி வளைப்போம். ஹெச்-இண்டெக்ஸை மட்டும் கண்டக்டர் டிக்கெட் கேட்பது போல் நேராகக் கேட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான்.

என் துறை மனித-கணினி ஊடாட்டம். எச்.சி.ஐ என்றால் எங்களுக்குள் புரியும், வெளியே சொன்னால் "ரோபோ சம்பந்தப்பட்டதா சார்?" என்பார்கள். ஒரு மனிதர் ஒரு கருவியின் முன்னால் நின்று எங்கே தடுமாறுகிறார், எதனால் தடுமாறுகிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் பிழைப்பில் இருப்பவன் தன் சொந்த ஸ்காலர் பக்கத்தின் முன்னால் தடுமாறி நின்றேன்.

341-இல் 212 ஒரே பேப்பருக்கு வந்தவை. அடுத்தது 48, பிறகு 27, 19, 12, 10, 7. அதற்கும் கீழே 3, 2, 1. ஏழு பேப்பர்கள் ஏழோ அதற்கு மேலோ வாங்கியிருப்பதால் ஹெச் 7. இந்தப் பத்து எண்களில் இரண்டு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. 212 வாங்கிய பேப்பரில் ஒரு தப்பு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். 3 வாங்கியதுதான் நான் எழுதியதிலேயே உருப்படியானது, அதுவும் எனக்குத் தெரியும்.

பாரம்

முதலில் அந்த 212. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் வேலை பார்த்த ஜான் புரூக் 1986-இல் பத்து வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல், சுருக்கமாக எஸ்.யூ.எஸ். ஒரு கருவியைப் பயன்படுத்திப் பார்த்தவரிடம் ஒவ்வொரு வாக்கியத்தையும் சொல்லி, ஒத்துக்கொள்கிறாரா இல்லையா என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை ஒரு எண் கேட்க வேண்டும். ஒற்றைப்படை வாக்கியங்கள் கருவியைப் புகழும், இரட்டைப்படை வாக்கியங்கள் குறை சொல்லும். புகழ்ச்சிக்கு வந்த எண்ணில் ஒன்றைக் கழி, குறைக்கு வந்த எண்ணை ஐந்திலிருந்து கழி, எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கு, நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் வரும். இரண்டு நிமிட வேலை. அச்சில் வந்தது பத்து வருடம் கழித்து, 1996-இல், ஒரு தொகுப்பு நூலின் அத்தியாயமாக. அவசரத்துக்குச் செய்த அரைகுறை வேலை என்கிற தொனியில் தலைப்பிலேயே அவர் கிண்டலடித்திருந்தார். இன்றைக்கு எங்கள் துறையில் ஆப் செய்கிறவர்கள், இணையதளம் செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக் கருவி செய்கிறவர்கள் எல்லோரும் ஓடிப்போய் எடுக்கிற அளவுகோல் அதுதான். அந்த அத்தியாயத்துக்கான மேற்கோள்களைப் பல்லாயிரக் கணக்கில்தான் சொல்ல முடியும்.

நான் செய்தது அதன் தமிழாக்கம். முனைவர் பட்டத்தின் இரண்டாவது வருடம். விவசாயிகளுக்கான ஒரு வானிலை ஆப்பைச் சோதிக்க வேண்டியிருந்தது, ஆங்கிலக் கேள்வித்தாள் உதவாது, நாமே மொழிபெயர்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். ஒன்பது வாக்கியங்கள் வந்துவிட்டன. எட்டாவதில், கையாளச் சிரமமானது என்கிற பொருளில், 'கம்பர்சம்' (cumbersome) என்று ஒரு சொல். கம்பருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இங்கிலீஷ் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு இந்தச் சொல் விளங்கவில்லை என்று 2006-லேயே கிரெய்க் ஃபின்ஸ்டாட் ஒரு கட்டுரை எழுதியிருந்தார், பிற்பாடு பலர் அதை எளிய சொல்லாக மாற்றிக் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அகராதியைப் புரட்டினேன். 'பாரமான, சுமையான' என்று போட்டிருந்தது. 'இந்தச் செயலியைப் பயன்படுத்துவது பாரமாக இருந்தது' என்று எழுதி, டீ குடிக்கப் போய்விட்டேன்.

சோதனைக்குப் பன்னிரண்டு பேர். கேன்டீனில் வேலை செய்கிறவர்கள், கல்லூரித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர்கள், கல்லூரி பஸ் ஓட்டுநர்கள். சொந்த ஊரில் கொஞ்சமாவது நிலம் இருக்கிறவர்களாகப் பார்த்துப் பிடித்தேன். எட்டாவது வாக்கியத்தை வாசித்துக் காட்டியதும் ஒரு ஓட்டுநர் போனை உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் அசைத்தார். "பாரமெல்லாம் ஒண்ணுமில்ல சார். லேசாத்தான் இருக்கு" என்றார். நான் சிரித்துக்கொண்டே 1 என்று குறித்தேன். குறை சொல்லும் வாக்கியத்தை அவர் துளிகூட ஒத்துக்கொள்ளவில்லை, ஆகவே ஆப்புக்கு முழு மதிப்பெண். பன்னிரண்டு பேரில் ஏறக்குறைய எல்லோருமே போனின் எடைக்குத்தான் பதில் சொன்னார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நூற்றுக்குப் பத்து. அதில் ஏழெட்டு இனாமாக வந்தது. ஆப் 74 வாங்கியது. எஸ்.யூ.எஸ்-ஸில் சராசரி 68 என்று எல்லோரும் சொல்வார்கள். சராசரியைத் தாண்டிவிட்டோம் என்று முடிவுரையில் எழுதினேன். இனாமைக் கழித்தால் தாண்டியிருக்காது.

இது அப்போது உறைக்கவில்லையா என்று கேட்டால், அரைகுறையாக உறைத்தது. ஓட்டுநர் போனை அசைத்த காட்சி மனதில் எங்கேயோ ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மாநாட்டுக்குக் கடைசித் தேதி வெள்ளிக்கிழமை. பேப்பர் போனது, ஏற்றுக்கொள்ளப்பட்டது, பின்னிணைப்பில் பத்து தமிழ் வாக்கியங்களும் அழகாக அச்சாகின. தமிழில் பயன்பாட்டு எளிமையை அளக்க வேண்டும் என்று தேடுகிற எந்த மாணவருக்கும் கையில் கிடைப்பது அந்தப் பின்னிணைப்பு. எடுத்தார்கள், பயன்படுத்தினார்கள், நன்றியோடு மேற்கோள் காட்டினார்கள்.

அளவுகோல் செய்தவனுக்குக் கிடைக்கிற மேற்கோள் அளந்து பார்த்தவனுக்குக் கிடைக்காது. எல்லாத் துறையிலும் இதுதான் நடப்பு. 1988-இல் சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லேண்டும் வேலைப் பளுவை அளக்கச் செய்த நாசா-டி.எல்.எக்ஸ் அப்படி. உலகத்திலேயே அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வுக் கட்டுரையாகச் சொல்லப்படுவது ஆலிவர் லௌரி 1951-இல் புரதத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் முறை பற்றி எழுதியது. மூன்று லட்சத்துக்கும் மேலே. அது ஒன்றும் பெரிய பேப்பர் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டார், ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கிறது என்றும் சொன்னார். நல்ல மனிதர். நான் அந்த இரண்டாவது பாதியில் மட்டும் பல வருடம் இருந்தேன்.

மல்லுக்கட்டு

மூன்று வாங்கியது ரேஷன் கடை பேப்பர். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளுக்குக் கைரேகை எந்திரம் வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், விற்பனையாளரின் அனுமதியோடு, எடைத் தராசுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மாதத்தின் முதல் வாரங்களாகப் பார்த்து மொத்தம் பதினோரு நாள்.

அங்கே வருகிற வயதானவர்களில் பாதிப் பேருக்கு ரேகை விழாது. தறியும் காட்டு வேலையும் தீப்பெட்டிக் கட்டும் விரல் நுனியைத் தேய்த்து வழவழப்பாக்கி வைத்திருக்கும். எந்திரம் சிவப்பாக ஒரு முறை கண் சிமிட்டி முடியாது என்று சொல்லும். விற்பனையாளர் ஈரத்துணியில் அவர்கள் கட்டைவிரலைத் துடைப்பார். பிறகு முந்தானையில் துடைக்கச் சொல்வார். பிறகு தலையில் தேய்க்கச் சொல்வார், கொஞ்சம் எண்ணெய்ப் பசை ஒட்டினால் சில சமயம் எடுத்துக்கொள்ளும். கடைசியில் அவரே அந்தக் கையைப் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, விரலைச் சாய்த்து, தன் கட்டைவிரலால் மேலிருந்து அழுத்துவார். அப்படி அழுத்தும்போது இருவருமே எந்திரத்தைப் பார்ப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க மாட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பத்திரப்பதிவு அலுவலகத்தில் கைநாட்டு வைக்கிற காட்சிதான் ஞாபகம் வரும். அதுவும் விழவில்லை என்றால் ஓ.டி.பி. அது வருகிற போன் திருப்பூரில் மகன் பையில் இருக்கும், மகன் ஷிப்டில் இருப்பார்.

என் கேள்வித்தாளையும் கையோடு கொண்டு போயிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டியிடம் முதல் வாக்கியம்: 'இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புகிறேன்.' பாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மாசத்துக்கு ஒருக்கத்தானப்பா அரிசி போடுறாங்க. அடிக்கடி வந்தா குடுப்பாகளா?" நான்காவது வாக்கியம், விவரம் தெரிந்த ஒருவரின் உதவி தேவைப்படுமா என்பது. "அதான் தம்பி இருக்கானே" என்று விற்பனையாளரைக் காட்டினார். அதை நான் குறையாகக் குறிப்பதா, நிறைவாகக் குறிப்பதா? கேள்வித்தாளின்படி அது குறை. பாட்டியின் குரலில் அது குறையாகவே இல்லை. எட்டாவது வாக்கியத்தைக் கேட்கும் முன்பே மூட்டையைக் கட்டிக்கொண்டு அவர் சொன்னது: "இந்த மிசினோட மல்லுக்கட்டவே ஒரு நேரம் சரியாப்போகுது."

ஸ்டூலில் உட்கார்ந்தபடியே நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். மல்லுக்கட்டு. கம்பர்சம் என்ற அந்தப் பாழாய்ப்போன சொல்லுக்கு இவ்வளவு நாள் தேடாமல் விட்டிருந்த தமிழ் அரிசிப் பையோடு எழுந்து போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பேப்பரில் நான் சொல்ல வந்தது சின்ன விஷயம். ஒரு கருவிக்கு ஒரு பயனர் என்று வைத்துக்கொண்டுதான் எங்கள் அளவுகோல்கள் எல்லாம் நடக்கின்றன. ரேஷன் கடையில் பயனர் என்பது இரண்டு பேர், இரண்டு கட்டைவிரல், நடுவில் ஒரு நம்பிக்கை. இந்த எண்ணத்துக்கு நான் முழு உரிமை கொண்டாட முடியாது. பெங்களூரின் குடிசைப் பகுதிகளில் ஒருவருக்காக இன்னொருவர் போனையும் கணினியையும் இயக்கித் தருவதைப் பற்றி நித்யா சம்பாசிவனும் உடன் மூவரும் எங்கள் துறையின் முக்கிய மாநாடான சி.எச்.ஐ-இல் 2010-ஆம் வருடம் எழுதியிருந்தார்கள். அதைப் படித்திருந்ததால்தான் எனக்கு எங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றே தெரிந்தது.

பேப்பர் இரண்டு இடங்களில் திரும்பி வந்தது. இரண்டிலும் ஒரே கேள்வி: ஒரு கிராமம், ஒரு கடை, இதை வைத்து எப்படிப் பொதுவாகச் சொல்ல முடியும்? கேள்வி நியாயம்தான். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பன்னிரண்டு மாணவர்களை வைத்துச் செய்த சோதனைக்கு இதே கேள்வி இதே குரலில் வருவதில்லை. இது வெறும் என் வயிற்றெரிச்சல் என்று நினைக்க வேண்டாம். சி.எச்.ஐ ஆய்வுகளில் பங்கேற்பாளர் எண்ணிக்கையாக அதிகம் காணப்படுவது 12 என்று கெல்லி கெய்ன் 2016-இல் எண்ணிச் சொன்னார். அந்த மாநாட்டின் முடிவுகளில் 73 சதவீதம் மேற்கத்திய நாட்டு மக்களை வைத்து வந்தவை, அவர்கள் உலக மக்கள்தொகையில் 12 சதவீதம்கூட இல்லை என்று 2021-இல் செபாஸ்டியன் லிங்க்சனும் குழுவினரும் எழுதினார்கள். (என் முதல் பேப்பரிலும் பன்னிரண்டு பேர்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.) கடைசியில் ஒரு சின்னப் பயிலரங்கில் இடம் கிடைத்தது. மூன்று மேற்கோள்கள் வந்தன. ஒன்று நானே காட்டியது. இன்னொன்று என் மாணவி காட்டியது. மூன்றாவது முன்பின் தெரியாத ஒருவர்.

ஒரு ராத்திரி

படிவத்தை அச்செடுத்த அன்று ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு அந்த 212-ஐ அழுத்தினேன். மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் விரிந்தது. இத்தனை வருடத்தில் அந்த எண் ஏறுவதைப் பார்த்திருக்கிறேனே ஒழிய, யார், எதற்காக என்று ஒரு தடவைகூட உள்ளே போய்ப் பார்த்ததில்லை. திறக்க முடிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து, என் பெயர் வருகிற வாக்கியத்தை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். இரண்டரை மணி வரை.

பெரும்பாலானவை ஒரே அச்சு. 'பயன்பாட்டு எளிமை மிக முக்கியமானது [4], [7], [11], [15].' நான் அந்தப் பதினொன்றாவது. கல்யாண வீட்டு மொய் நோட்டு போல வரிசையாகப் பெயர்கள், யார் எதற்கு வந்தார்கள் என்று தெரியாது. சிலர் நான் கிராமப்புறப் பெண்களிடம் சோதித்ததாக எழுதியிருந்தார்கள். நான் சோதித்தது கல்லூரி வளாகத்தில், பெண்கள் மூன்றே பேர். சிலர் 'சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம்' என்று எழுதியிருந்தார்கள். சரிபார்த்தேன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அது பொய். கேள்வித்தாளை உண்மையிலேயே எடுத்துப் பயன்படுத்தியவர்கள் முப்பது பேர் தேறும். அத்தனை பேரும் எட்டாவது வாக்கியத்தை 'பாரமாக இருந்தது' என்றே கேட்டிருந்தார்கள். அத்தனை ஆப்களுக்கும் இனாம் மதிப்பெண் போய்ச் சேர்ந்திருக்கிறது.

நடுவில் ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. என் பேப்பர் மாநாட்டுத் தொகுப்பில் 114 முதல் 119 வரை. யாரோ ஒரு புண்ணியவான் கடைசி இரண்டு இலக்கங்களை மாற்றித் தட்டி 114–191 என்று போட்டிருக்கிறார். ஆறு பக்கம் எழுபத்தெட்டுப் பக்கமாகிவிட்டது. அதற்குப் பின்னால் வந்த பதினோரு பேர் அதே 191-ஐப் போட்டிருக்கிறார்கள். ஒருவரும் பேப்பரைத் திறக்கவில்லை, முன்னால் போனவரின் பட்டியலைத் திறந்திருக்கிறார்கள். இதே மாதிரி எழுத்துப் பிழைகளின் தடத்தைப் பிடித்துப் போய், மேற்கோள் காட்டுகிறவர்களில் ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்று சிம்கினும் ராய்சௌதுரியும் 2003-இல் கணக்குப் போட்டார்கள். வகுப்பில் அதை ஜோக்காகச் சொல்லியிருக்கிறேன், பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். என் சொந்தப் பட்டியலில் 191 என்ற எண் பன்னிரண்டாவது தடவை வந்தபோது சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. படிக்காமலே எழுதுகிறான்கள் என்று முணுமுணுத்தேன்.

முணுமுணுத்த வாய் மூடும் முன்னால் ஃபிட்ஸ் ஞாபகம் வந்தார்.

எச்.சி.ஐ-யில் இருக்கிற எவரும் ஃபிட்ஸ் 1954 என்று எழுதாமல் தப்ப முடியாது. திரையில் ஒரு பொத்தானைத் தொட எவ்வளவு நேரம் ஆகும் என்பது, அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது என்கிற விதி, பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் அந்த வருடம் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. என் பேப்பர்களில் ஐந்தில் அவரை மேற்கோள் காட்டியிருக்கிறேன். ஐந்திலும் அதே சூத்திரம்: தூரத்தை அகலத்தால் வகுத்து, ஒன்றைக் கூட்டி, இரண்டை அடியாக வைத்து மடக்கை எடு. ஐந்திலும் பக்கத்திலேயே 'ஃபிட்ஸ், 1954'. அந்த 1954-ஐ நான் ஒருமுறைகூடத் திறந்ததில்லை. என் வழிகாட்டியின் பேப்பரிலிருந்து எடுத்தேன். அவர் எங்கேயிருந்து எடுத்தாரோ.

கல்லூரி நூலகக் கணக்கில் நுழைந்து அதை இறக்கினேன். மணி மூன்று. பழைய ஸ்கேன், ஓரங்களில் நிழல் விழுந்த பக்கங்கள். முதல் அதிர்ச்சி, நான் ஐந்து தடவை எழுதிய சூத்திரம் அதில் இல்லை. ஃபிட்ஸ் தூரத்தை இரட்டிப்பாக்கி அகலத்தால் வகுக்கிறார். ஒன்றைக் கூட்டுகிற வேலையே கிடையாது. கூட்டியவர் கனடாவின் ஸ்காட் மெக்கென்சி, 1989-இல், அதற்கான காரணங்களோடு. முப்பத்தைந்து வருடம் கழித்து வேறொருவர் எழுதிய சூத்திரத்தை இவர் வாயில் திணித்து நான் ஐந்து பேப்பர் போட்டிருக்கிறேன். இது தெரிந்தவர்களுக்கு எப்போதோ தெரிந்த விஷயம்தான். எனக்கு அன்றைக்கு மூன்று மணிக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் தூக்கம் போய்விட்டது, முழுசாகப் படித்தேன். கணினி என்ற பேச்சே அதில் இல்லை. பதினாறு கல்லூரி மாணவர்கள், எல்லோரும் வலக்கைக்காரர்கள், எல்லோரும் ஆண்கள். முன்னால் இரண்டு உலோகப் பட்டைகள். கையில் ஒரு உலோகக் கோல். இதையும் அதையும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும், முடிந்த வேகத்தில், குறி தப்பாமல். பிறகு வட்டு எடுத்து வைக்கிற சோதனை, பிறகு ஊசி போன்ற முளைகளைக் குழியில் செருகுகிற சோதனை. இந்தக் கோலில் இரண்டு வகை. ஒன்று ஒரு அவுன்ஸ், ஏறக்குறைய இருபத்தெட்டு கிராம். இன்னொன்று ஒரு பவுண்டு, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கை தூக்குகிற கருவி பாரமாக இருந்தால் என்ன ஆகும் என்று அந்த மனிதர் உண்மையிலேயே நிறுத்துப் பார்த்திருக்கிறார்! என் ஓட்டுநர் போனை உள்ளங்கையில் வைத்து அசைத்துக் காட்டியது அப்படியே கண் முன்னால் வந்தது.

ஃபிட்ஸ் 1965-இல், ஐம்பத்து மூன்று வயது முடியும் தறுவாயில், இறந்துபோனார். மௌஸைக் கண்டுபிடித்த டக்ளஸ் எங்கல்பார்ட்டுக்காக பில் இங்கிலிஷ் முதல் மௌஸை மரக்கட்டையில் செய்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதே இங்கிலிஷ், ஸ்டூவர்ட் கார்டோடும் பெட்டி பர்ரோடும் சேர்ந்து, மௌஸுக்கு ஃபிட்ஸின் விதி பொருந்துகிறது என்று ஜெராக்ஸ் நிறுவனத்தின் 'பார்க்' (PARC) ஆய்வகத்திலிருந்து எழுதியது 1978-இல். தான் இப்படியொரு துறையில் சக்கரவர்த்தி என்பது ஃபிட்ஸுக்குத் தெரியாது, அப்படியொரு துறையே அப்போது கிடையாது. அவர் பக்கத்தில் ஏறுகிற எண்ணில் என்னுடைய ஐந்தும் சேர்த்தி. ஐந்தும் 191-தான்.

கட்டங்கள்

காலையில் காபி குடிக்கும்போது என் மனைவி, "ராத்திரி பூரா என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். "ஒருத்தர் பேப்பரைப் படிச்சேன்" என்றேன். "அதுதானே உங்க வேலை" என்றாள்.

படிவம் இன்னும் மேஜையில்தான் இருந்தது. ஹெச்-இண்டெக்ஸைக் கண்டுபிடித்த ஹோர்ஹே ஹிர்ஷ் இயற்பியல்காரர். 2005-இல் அதை முன்வைத்தபோது, இணைப் பேராசிரியர் ஆக 12, பேராசிரியர் ஆக 18 இருக்கலாம் என்று தன் துறைக்கு ஒரு தோராயக் கணக்கும் சொன்னார். 2020 வாக்கில் அவரே இது எதிர்பாராத கெடுதல்களைச் செய்கிறது என்று எழுதும் நிலைக்கு வந்துவிட்டார். அவர் வருந்தி என்ன, எங்கள் படிவத்தின் ஒன்பதாம் பக்கம் வருந்தவில்லை. அதில் 'தப்பு இருக்கிறது' என்று எழுத ஒரு கட்டம் கிடையாது.

எண்களை வைத்து ஏமாற்றுவது எவ்வளவு சுலபம் என்பதற்கும் என் பக்கத்திலேயே சாட்சி உண்டு. நம் பெயர்களுக்கு முன்னால் ஒரே ஒரு எழுத்துத்தானே, அதுவும் அப்பா பெயர். அதே எழுத்தும் அதே பெயரும் உள்ள ஒரு சிவில் இன்ஜினியரிங்காரரின் உமிச்சாம்பல் கான்கிரீட் பேப்பரை ஸ்காலர் தானாகவே என் கணக்கில் சேர்த்து வைத்திருந்தது. ஐம்பத்துச் சொச்சம் மேற்கோள். அதை நீக்க ஒரு சொடுக்குப் போதும். நான் ஆறு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். இந்தக் குழப்பத்துக்கென்றே 2012-இல் ஆர்க்கிட் என்று ஆளுக்கொரு பதினாறு இலக்க எண் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதை உமிச்சாம்பலுக்குப் பிறகுதான் நான் வாங்கினேன்.

341 என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன எழுத? ஆனால் அந்த வாரமே மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். அந்த வருடத் தொகுப்பு முடிந்துவிட்டது, இனி சேர்க்க வழியில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. சரி என்று, இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி என் பக்கத்தில் ஏற்றினேன். எட்டாவது வாக்கியம் இப்போது: 'இதைப் பயன்படுத்த மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.' அதே ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, ஒரு புது டிக்கெட் ஆப்பைக் கொடுத்து, அந்த வாக்கியத்தைக் கேட்டேன். போனை அசைக்கவில்லை. "அதை ஏன் சார் கேக்குறீங்க" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பேசினார். கேள்வித்தாளைப் பயன்படுத்தியிருந்த முப்பது பேருக்கும் அந்தக் குறிப்பை மின்னஞ்சலில் அனுப்பினேன். நான்கு பேர் நன்றி சொன்னார்கள். ஒரு மாணவர், "சார், தீசிஸ் சப்மிட் பண்ணிட்டேன், இப்ப மாத்தினா கைடு திட்டுவார்" என்று எழுதியிருந்தார். அவர் நிலைமை எனக்குப் புரியாதா? என் ஐந்து பேப்பர்களில் உள்ள ஃபிட்ஸை நானும் இன்னும் மாற்றவில்லை.

ரேஷன் கடை பேப்பரின் அந்த மூன்றாவது மேற்கோளையும் தேடிப் பார்த்தேன். ஏதோ ஒரு முதுகலை மாணவரின் ஆய்வேடு, முதியோர் உதவித்தொகையை வங்கி முகவர் வழியாக வாங்குகிறவர்களைப் பற்றியது. என் பெயர் அடைப்புக்குறிக்குள் எண்ணாக ஒடுங்கவில்லை, ஒரு முழுப் பத்தி. விற்பனையாளரும் பாட்டியும் எந்திரத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்று நான் ஓரமாக எழுதிய வரியை எடுத்து, தன் ஊரில் முகவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அழுத்துகிறார்கள், காரணம் அவர்கள் சொந்தக்காரர்கள் என்று எனக்கு மறுப்பு எழுதியிருந்தார். பக்க எண்ணும் சரியாக இருந்தது.

நேற்று ஸ்காலரைப் பார்த்தேன். 212 இப்போது 219. திருத்தக் குறிப்புக்கு இன்னும் ஒன்றும் வரவில்லை. புதிதாக வந்த ஏழு பேரில் இரண்டு பேர் கடைசிப் பக்கத்தை 191 என்று போட்டிருக்கிறார்கள்.